பேச்சையும் பாடமாகப் படிக்கலாமா? – மொழியியல் கேள்வி பதில்

இந்த இதழ்க் கேள்வி பதிலுக்கு மொழியியல் என்று தலைப்புக் கொடுத்திருந்தோம். கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்துதான் கடிதங்கள் அதிகம் வந்தன. சிதம்பரம் கூப்பிடு தூரத்தில் இருப்பது காரணமாக இருக்கலாம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். பல்கலைக்கழகத்தில் மொழியியல் கற்பிப்பவர்களும் கணினித் தமிழ் வேலையில் இருப்பவர்களும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

பி.ஏ. தமிழ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்து எம்.ஏ. தமிழா, எம்.ஏ. மொழியியலா? இரண்டும் ஒன்றுதானே என்கிறார் அப்பா.
– மாணவி, மஞ்சக்குப்பம்

ஒன்றல்ல. தமிழ் எம்.ஏ.வில் நூல்களைப் படிப்பீர்கள். மொழியியலில் நூல் எழுதாதவர்களின் பேச்சும் பாடம். இலக்கியச் சுவை அங்கே தேர்வுக்கு வராது. ஒரு சொல் ஏன் அந்த வடிவத்தில் இருக்கிறது என்பதுதான் வரும்.

உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்க ஒரு கணக்குத் தருகிறோம். மரம், மரத்தை. பணம், பணத்தை. ‘ம்’ போய் ‘த்து’ வருகிறது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இப்போது ஆங்கிலத்திலிருந்து வந்த சொற்களை எடுங்கள். ‘ஆல்பம்’ என்றால் ‘ஆல்பத்தை’ என்கிறோம், ‘சிஸ்டம்’ என்றால் ‘சிஸ்டத்தை’. ஆனால் ‘ரூம்’, ‘ரூமை’ ஆகிறது. யாரும் ‘ரூத்தை’ என்பதில்லை. ‘ஐஸ்கிரீம்’, ‘ஐஸ்கிரீமை’. ஒட்டுகிற ‘கம்’, ‘கம்மை’. எது ‘த்தை’ வாங்குகிறது, எது ‘ஐ’ மட்டும் வாங்குகிறது? ‘ம்’ முன்னால் குறில் ‘அ’ இருக்க வேண்டும் என்று ஒரு விதி தோன்றும். ஆனால் ‘கம்’ சொல்லிலும் குறில் ‘அ’தானே? அதனால் சொல்லில் ஓர் உயிரொலிக்கு மேல் இருக்க வேண்டும் என்று இன்னொரு நிபந்தனையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. இதை உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஆனாலும் நேற்று வந்த இறக்குமதிச் சொல்லுக்குக்கூட நாக்கு சரியான வடிவத்தைத்தான் தேடிப் போகிறது. இந்தத் தேடலில் அரை மணி நேரம் போனது தெரியவில்லை என்றால் மொழியியல் உங்களுக்கானது. ‘இதனால் என்ன?’ என்று தோன்றினால் தமிழ் எம்.ஏ.வே நல்லது, அதில் குறைவு ஒன்றுமில்லை.

வேலை விஷயத்தில் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பள்ளியில் மொழியியல் என்று ஒரு பாடம் கிடையாது. ஆகவே முதுகலை ஆசிரியர் பணியிடமும் கிடையாது. தமிழாசிரியர் ஆவதுதான் குறி என்றால் எம்.ஏ. தமிழும் பி.எட்.டும்தான் நேர்வழி. மொழியியல் எம்.ஏ.வை வைத்துக்கொண்டு தமிழ்ப் பணியிடத்துக்கு விண்ணப்பித்து, சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் ‘இணைச் சான்று (இரண்டு பட்டமும் சமம் என்ற சான்று) எங்கே?’ என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் திரும்புகிறவர்கள் உண்டு. அப்பாவிடம் இதையும் சொல்லிவிடுங்கள்.

மொழியியல் எங்கே படிக்கலாம்? என்ன தகுதி வேண்டும்? ஏதேனும் பட்டம் போதும் என்கிறார்கள், நம்பலாமா?
– நெய்வேலி வாசகர்

பெரும்பாலும் நம்பலாம். தமிழ்நாட்டில் மொழியியல் என்றால் முதுகலைதான். இளங்கலையிலேயே தொடங்கும் இடம் அரிது. அதனால் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவரும் பி.காம். முடித்தவரும் இரண்டு ஆண்டு எம்.ஏ.வில் ஒரே வகுப்பில் உட்காருவார்கள். நான்கு பருவம், கடைசிப் பருவத்தில் ஆய்வேடு.

உங்களுக்கு மிக அருகில் இருப்பது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மொழியியல் உயராய்வு மையம். ச. அகத்தியலிங்கம் போன்றவர்கள் பணியாற்றிய இடம். திராவிட மொழிகள், பழங்குடி மொழிகள் பற்றிய விளக்க இலக்கணங்கள் பல அங்கிருந்து வந்தவை. கடலூரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் மொழியியல் துறைகள் உண்டு. வெளியூர் போகத் தயாரென்றால் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், அதே ஊரில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம், டெல்லிப் பல்கலைக்கழகம், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், புனே டெக்கன் கல்லூரி.

மத்தியப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் ‘கியூட்’ முதுகலை நுழைவுத்தேர்வு வழியாகச் சேர்க்கின்றன. 75 கேள்வி, சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழியும். மொழியியலுக்குத் தனித்தாள் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு குறிக்கிற பழக்கம் இங்கே உதவாது.

துறையைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். நான்கு விஷயம் விசாரியுங்கள். ஒலியியல் ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடக்கிறதா, வாரத்தில் எத்தனை மணி மாணவர்கள் உட்காருகிறார்கள்? களப்பணிக்கு வெளியூர் கூட்டிப்போகிறார்களா? கணினி மொழியியல் தாள் இருந்தால் அதில் மாணவர் தாமே நிரல் எழுதுகிறாரா, அல்லது ‘கணினி மொழியியலின் பயன்கள்’ என்று பத்து மதிப்பெண் கட்டுரையோடு முடிகிறதா? நிரந்தரப் பேராசிரியர்கள் எத்தனை பேர், அவரவர் எதில் ஆய்வு செய்கிறார்? கடைசிக் கேள்விக்கு விடை தெரியாமல் பிஎச்.டி.க்கும் அங்கேயே இருந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

தமிழ்வழியில் படித்தவர்கள் முதல் பருவத்தில் திணறுவது பாடத்தால் அல்ல, ஆங்கிலத்தால். அடிப்படை நூல்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. சேர்வதற்கு முந்தைய இரண்டு மாதத்தில் ஒலியன், மாற்றொலி, உருபன், தொடரியல், பொருண்மையியல் போன்ற ஐம்பது கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

என் மகன் பொறியியல் கடைசி ஆண்டு. கணினித்துறைக்குப் போவான் என்று பார்த்தால் மொழியியல் படிக்கிறேன் என்கிறான். படிப்பு வீணாகிவிடாதா?
– ஒரு தாயார், திருப்பாதிரிப்புலியூர்

வீணாகாது அம்மா. சொல்லப்போனால் வந்த கடிதங்களில் வேலைக்கு மிக அருகில் நிற்பவர் உங்கள் மகன்தான். நிரல் தெரிந்த மொழியியலாருக்குத்தான் இப்போது தேவை.

‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்போம். பைத்தான் என்ற நிரல்மொழியில் எண்ணச் சொன்னால் ஐந்து என்று வரும். த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று ஒவ்வொன்றும் அதற்குத் தனிக் குறியீடு. இன்னும் வேடிக்கை, ‘கொ’ என்று கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதைச் சிலர் தட்டச்சில் இரண்டு குறியீடாகவும் சிலர் மூன்று குறியீடாகவும் உள்ளிட்டிருப்பார்கள். முதலில் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராமல் தேடினால் பாதிச் சொற்கள் அகப்படாது. தேடுபொறி சொதப்பும்போது தமிழ் கடினமான மொழி என்று பழி போடுவார்கள். அதில் தமிழின் குற்றம் ஒன்றுமில்லை.

அடுத்த படி, எழுத்தைப் பேச்சாக்கும் மென்பொருள். ‘9.30’ என்று வருகிறது. பேருந்து நேரமானால் ஒன்பதரை. ரூபாயானால் ஒன்பது ரூபாய் முப்பது காசு. எடையானால் ஒன்பது புள்ளி மூன்று பூஜ்யம். ‘பாவம்’ என்பது இரக்கமா, நடனத்தில் முகத்தில் வருகிற பாவமா? எழுத்து ஒன்று, முதலொலி வேறு. பந்துக்கும் பஸ்ஸுக்கும் ஒரே ‘ப’தான், வாய் வேறு வேறாகச் சொல்கிறது. இந்த இடங்களையெல்லாம் பட்டியலிட்டு, விதி எழுதி, விதிக்கு அடங்காததை உச்சரிப்பு அகராதியில் சேர்ப்பது ஒருவரின் முழுநேர வேலை.

கைப்பேசிச் செயலிகளைத் தமிழாக்குகிற வேலையிலும் இதே கதைதான். ஆங்கிலத்தில் பெயருக்கு ஓர் இடம் விட்டு முன்னால் ஒரு சொல் போட்டால் முடிந்தது. தமிழில் பெயருக்குப் பின்னால் ‘க்கு’ ஒட்ட வேண்டும். ரவிக்கு என்று சரியாக வரும். அடுத்தவர் பெயர் குமார். திரையில் ‘குமார்க்கு’ என்று விழும். அதற்கடுத்தவர் செல்வம், ‘செல்வம்க்கு’ என்று விழும். மேலே ஆல்பத்தைப் பார்த்த கண்ணுக்கு இது உடனே உறுத்தும். எல்லாப் பெயருக்கும் சந்தி விதி எழுதுவது ஒரு வழி. வேற்றுமை உருபே தேவைப்படாதபடி ‘பெறுநர்: செல்வம்’ என்று வாக்கியத்தை மாற்றிவிடுவது இன்னொரு வழி. அனுபவமுள்ளவர் இரண்டாவதைத்தான் செய்வார்.

இந்திய மொழிகளுக்கிடையே கணினி மொழிபெயர்ப்புக்கான மத்திய அரசின் ‘பாஷிணி’ திட்டம் 2022இல் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏ.ஐ. ஃபார் பாரத் குழு, மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் மொழித் தரவுக் கூட்டமைப்பு ஆகிய இடங்களிலும் இந்த வகை வேலைகள் நடக்கின்றன. தரவு எவ்வளவு கொஞ்சம் என்பதற்கு ஓர் அளவுகோல் சொல்கிறோம். பல மொழிகளின் வாக்கியங்களை ஒரே முறையில் பகுத்து வைக்கும் ‘யுனிவர்சல் டிபென்டன்சீஸ்’ தொகுப்பில் தமிழுக்கு நெடுங்காலமாக இருந்துவரும் முதன்மைத் தொகுதியில் 600 வாக்கியம்தான்.

மகனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். எம்.ஏ. படிக்கிற இரண்டு ஆண்டில் நிரல் எழுதுவதை விட்டுவிடக் கூடாது. வீட்டில் +2 படிக்கிற இன்னொரு பிள்ளை இருந்தால் ஐதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யில் கணினியியலும் கணினி மொழியியலும் சேர்ந்த ஐந்தாண்டுப் படிப்பு இருப்பதையும் பார்த்துவையுங்கள்.

திக்குவாய், தாமதப் பேச்சு உள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்க ஆசை. எம்.ஏ. மொழியியல் படித்தால் ஸ்பீச் தெரபிஸ்ட் ஆகலாமா?
– வில்லியனூர் வாசகி

ஆக முடியாது. அது தனிப் படிப்பு. பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற, செவிப்புலனும் பேச்சு-மொழிச் சிகிச்சையும் சேர்ந்த நான்காண்டுப் பட்டம். அதில் கடைசி ஆண்டு பயிற்சிப் பணி. +2வில் அறிவியல் பாடங்கள் படித்திருக்க வேண்டும். முடித்தபின் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு செய்த பிறகுதான் சிகிச்சை அளிக்கலாம். மைசூரில் இருக்கும் அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இத்துறையின் தலைவாசல். மொழியியல் மட்டும் படித்துவிட்டுக் குழந்தைகளுக்குச் சிகிச்சை தருகிறேன் என்று பலகை மாட்டுவது சட்டப்படியும் தவறு, குழந்தைக்கும் கெடுதல்.

மொழியியல் படித்தவருக்கு அங்கே வேறு இடம் இருக்கிறது. தமிழ்க் குழந்தை எந்த வயதில் எந்த ஒலியைப் பிடிக்கிறது என்ற அளவுகோல்களும், பேச்சுச் சோதனைக்கான சொற்பட்டியல்களும் தமிழுக்கென்று தயாராக வேண்டும். ஆங்கிலச் சோதனையைப் பெயர்த்து வைத்தால் ‘ழ’வும் ‘ற’வும் எங்கே போகும்? அப்படிப்பட்ட ஆய்வுக் குழுவில் சேரலாம்.

எங்கள் ஊர் மீனவர்கள் காற்றுக்கும் கடலுக்கும் வலைக்கும் சொல்லும் சொற்கள் பல அகராதியில் இல்லை. கல்லூரித் திட்டக் கட்டுரைக்காகப் பதிவு செய்ய நினைக்கிறேன். எப்படித் தொடங்குவது?
– மாணவர், தேவனாம்பட்டினம்

நல்ல காரியம். ஆனால் ‘எல்லாச் சொல்லையும்’ என்று தொடங்கினால் எதுவும் முடியாது. 300 முதல் 400 சொல் என்று வரம்பு கட்டுங்கள். காற்று, நீவாடு (கடல் நீரோட்டம்), வலையின் பாகங்கள், படகின் பாகங்கள், மீன் வகை என்று ஐந்து தலைப்பு போதும்.

கருவி. கைப்பேசியே போதும், ஆனால் அதில் இருக்கிற பதிவுச் செயலி ஒலியைச் சுருக்கித்தான் சேமிக்கும். ‘வேவ்’ வடிவில், 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் பதிவு செய்கிற செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒற்றைத் தடத்தில் நிமிடத்துக்கு 5 எம்.பி. சொச்சம், ஒரு மணி நேரத்துக்கு 320 எம்.பி. வரை ஆகும். வாட்ஸ்அப்பில் குரல்செய்தியாக வாங்கினால் உயர் அதிர்வெண்கள் தேய்ந்துபோகும். ச, ஸ, ஷ வேறுபாடு இருப்பது அந்தப் பகுதியில்தான். சட்டையில் மாட்டும் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி மாட்டி, மேலே பஞ்சு உறை போடுங்கள். உறை இல்லாமல் கடற்கரையில் எடுத்தால் பேச்சுக்குப் பதிலாகக் காற்றைத்தான் பதிவு செய்துகொண்டு வருவீர்கள். வீட்டுக்குள் என்றால் மின்விசிறியை நிறுத்தச் சொல்லுங்கள்.

நேரம். ஏலம் நடக்கிற காலையில் போகாதீர்கள். யாருக்கும் உங்களைத் திரும்பிப் பார்க்க நேரம் இராது. விலை பேசுவதையும் அவர்கள் பதிவில் விரும்பமாட்டார்கள். மதியத்துக்கு மேல் வலை சீர்படுத்த உட்காரும்போது போங்கள். கை வேலையில் இருக்கும், வாய் சும்மா இருக்கும். கையில் இருக்கிற பொருளுக்கே பெயர் கேட்கலாம்.

யாரிடம் கேட்பது? அறுபதைத் தாண்டியவர், நாற்பதை ஒட்டியவர், இருபத்தைந்துக்கு உட்பட்டவர் என்று மூன்று வயதுக் குழு. ஒவ்வொன்றிலும் ஆண் இருவர், பெண் இருவர். ஆக 12 பேர். கடலுக்குப் போகிறவர் ஆண்தானே என்று பெண்களை விட்டுவிட்டால் மீன் தரம் பிரிப்பது, கருவாடு போடுவது பற்றிய சொற்கள் முழுக்கப் போய்விடும். பிறந்த ஊர், மணமாகி வந்த ஊர், 2004 சுனாமிக்குப் பிறகு குடியிருப்பு மாறினாரா என்ற மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். வேற்றூரில் பிறந்து வந்தவரின் சொல்லை இந்த ஊர்ச் சொல் என்று பதிந்துவிடுவது முதல் களப்பணியில் எல்லோரும் செய்கிற பிழை.

கேட்கும் முறையில்தான் சூட்சுமம். காகிதத்தில் எழுதி நீட்டாதீர்கள். படிக்கத் தெரிந்தவர் ஏட்டுத் தமிழில் படித்துக்காட்டுவார். ‘வாடை என்றால் என்ன?’ என்றும் கேட்காதீர்கள். நீங்களே சொல்லை எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள், அவர் மரியாதைக்கு ஆமாம் போடுவார். கடற்கரையில் நின்று கையை நீட்டி, ‘இந்தப் பக்கமிருந்து அடிச்சா அதுக்குப் பேரென்ன?’ என்று கேளுங்கள். எட்டுத் திசைக்கும் கேளுங்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று பெயர்கள் வரும். பெயர் ஒன்றாக இருந்தாலும் திசை ஊருக்கு ஊர் சற்றே நகர்ந்திருக்கலாம். எல்லோருக்கும் தெரிந்த பெயரைவிட அந்த நகர்வுதான் உங்கள் கட்டுரைக்குச் சரக்கு.

ஒவ்வொரு சொல்லையும் மூன்று முறை சொல்லவையுங்கள். தனியாகச் சொல்லும்போது பட்டியல் வாசிக்கிற ராகம் வந்துவிடும் என்பதால், ‘நான் ... னு சொன்னேன்’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு அந்தச் சொல் இயல்பாக வருகிற ஒரு பேச்சு வாக்கியம். அதை விட்டுவிட்டால் ‘நீரோட்டம்’ என்று பொருள் எழுதிவைப்பீர்கள். நீவாடு பார்த்து வலை விடுவது எப்படி என்பது தெரியாமல் போகும்.

சொல்லுக்கு ஒரு சீட்டு: பேச்சு வடிவம், ஒலிக்குறியீடு, பொருள், வாக்கியம், சொன்னவர் குறி, வயது, ஊர், தேதி, கோப்பு எண். பெயருக்குப் பதில் குறி போடுங்கள். கோப்புப் பெயரை ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் வையுங்கள். தமிழில் வைத்தால் சில மென்பொருள்கள் தடுமாறும். அன்றிரவே மூன்று இடத்தில் நகல். கைப்பேசி தண்ணீரில் விழுவது கடலூரில் அதிசயமா என்ன?

ஒலியை அளந்து பார்க்க ‘பிராட்’ என்ற மென்பொருள்; ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவானது. பேச்சை நேரக்கோட்டோடு சேர்த்து எழுத ‘ஈலான்’. நெதர்லாந்தின் நைமேகன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்துடையது. இரண்டும் இலவசம். சாதாரண எழுத்தில் எழுதவே ஒரு நிமிடப் பதிவுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் பிடிக்கும். நுணுக்கமான ஒலிக்குறியீட்டில் என்றால் ஒரு மணி நேரம்கூட ஆகும். ஆகவே மொத்தப் பதிவு மூன்று மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். பத்து மணி நேரம் பதிந்துகொண்டு வந்து, எழுதி முடிக்காமல் கிடப்பில் போட்ட திட்டங்கள் எந்தத் துறை அலமாரியிலும் இருக்கும்.

அனுமதி கேட்டு, அவர் ‘சரி’ சொல்வதையும் பதிவின் தொடக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தபின் சொற்பட்டியலை அச்செடுத்து ஊரில் கொடுங்கள். அச்சில் பார்த்ததும் ‘இது தப்பு தம்பி’ என்று திருத்துவார்கள். அந்தத் திருத்தத்துக்காகவே கொடுக்க வேண்டும்.

புதுச்சேரியில் இருந்துகொண்டு மொழி ஆய்வு செய்ய என்ன இருக்கிறது? பிரெஞ்சு கற்றால் பயனா?
– முத்தியால்பேட்டை வாசகர்

வெளியூர்க்காரர்கள் இதற்காகவே இங்கு வந்து அறை எடுத்துத் தங்குகிறார்கள்! 1955இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம் இருக்கிறது. அங்கும் தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியின் புதுவை மையத்திலும் உள்ள சைவச் சுவடித் தொகுப்பை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. புதுவை மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது; ஆய்வு வாய்ப்புகளை நேரில் போய் விசாரியுங்கள்.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 முதல் 1761 வரை ஓடுகிறது. துபாஷியாக (பிரெஞ்சுக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக) இருந்தவர், அன்றாடம் காதில் விழுந்த தமிழில் எழுதினார். பிரெஞ்சும் போர்த்துகீசும் பாரசீகமும் கலந்த கடைத்தெருத் தமிழ். வரலாற்றுக்காரர்கள் பலமுறை உழுத நிலம். வினைவடிவங்களுக்காக உழுதவர்கள் குறைவு. ஒரு எச்சரிக்கை. ஆங்கில மொழிபெயர்ப்பு பன்னிரண்டு தொகுதி கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது என்று அதை வைத்துக்கொண்டு மொழி ஆய்வு செய்யாதீர்கள். மொழி இருப்பது தமிழ் மூலத்தில்.

புத்தகத்தை விட்டு வெளியே வந்தாலும் சரக்குதான். பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவரைச் ‘சொல்தா’ என்கிறோம். உள்ளாட்சிக்குக் ‘கொம்யூன் பஞ்சாயத்து’ என்கிறோம். ஒரே ஆட்சிப் பகுதிக்குள் மாகேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு. வீதிப் பெயர்ப்பலகைகளை மட்டும் படம் பிடித்து, எந்த மொழி மேலே, எந்த மொழி கீழே, எது எப்படி ஒலிபெயர்க்கப்பட்டிருக்கிறது என்று எண்ணினாலே சமூக மொழியியலில் ஓர் ஆய்வேடு தேறும்.

பிரெஞ்சு பயன்தான், ஆனால் அரைகுறைப் பிரெஞ்சு பயன்படாது. பழைய பத்திரங்கள், பதிவுச் சான்றுகள் மொழிபெயர்ப்புக்கு ஆள் தேவைப்படும் ஊர் இது. அந்த வேலைக்கு மொழியியல் பட்டத்தைக் கேட்கமாட்டார்கள். மொழி கைவசம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். 1889இலிருந்து இயங்கும், பிரெஞ்சு கற்பிக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் ஊரிலேயே இருக்கிறது. பி2 என்ற மேல்இடைநிலைத் தேர்ச்சியைத் தாண்டிய பிறகு மொழிபெயர்ப்பைப் பற்றி யோசியுங்கள். மொழியியல் படித்தவர் நிறைய மொழி தெரிந்தவர் என்பது பொதுமக்களின் நினைப்பு. ஒரே ஒரு மொழியை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுதும் ஆய்ந்தவர்களும் உண்டு.

நெட் தேர்வில் மொழியியல் எளிதா?
– பாகூர் வாசகர்

எளிது என்று யாரோ சொன்னதை நம்பி எழுதி விழுபவர்களே அதிகம். ‘நெட்’ என்பது உதவிப் பேராசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வு. அதில் மொழியியலின் பாட எண் 31. முதல் தாள் 50 கேள்வி, 100 மதிப்பெண். இரண்டாம் தாள் 100 கேள்வி, 200 மதிப்பெண். இரண்டுக்கும் சேர்த்து மூன்று மணி நேரம். தவறுக்குக் கழிவு கிடையாது, ஆகவே ஒன்றையும் விடாமல் குறியுங்கள். முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும்; இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. நம் பக்கத்து மாணவர்கள் திராவிட மொழியியலில் வாங்கிவிடுவார்கள். தொடரியலிலும் பொருண்மையியலிலும் கோட்டை விடுவார்கள். காரணம், வாக்கிய அமைப்பைக் காட்டும் மர வரைபடத்தைப் பார்த்துப் படிக்கிறார்கள், போட்டுப் பழகுவதில்லை. தினம் ஐந்து தமிழ் வாக்கியத்துக்குப் படம் போடுங்கள். முதல் தாளையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். தரவரிசையைத் தள்ளிவிடுவது பல சமயம் அதுதான்.

கேட் தேர்விலும் மானுடவியல், சமூக அறிவியல் தாளில் மொழியியல் ஒரு விருப்பப் பகுதி. 100இல் 60 மதிப்பெண் அதற்கு. ஐ.ஐ.டி.களில் பிஎச்.டி. சேர நினைப்பவர்கள் அதையும் எழுதலாம்.

நேராகச் சொல்லுங்கள். வேலை கிடைக்குமா? எவ்வளவு சம்பளம்?
– பட்டதாரி, விருத்தாசலம்

நிரந்தர வேலை குறைவு. பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராக நுழைந்தால் ஏழாவது ஊதியக்குழுப்படி அடிப்படைச் சம்பளம் 57,700. ஆனால் மொழியியலில் அந்த விளம்பரம் எப்போது வரும் என்று நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கிவிட்டால் பிஎச்.டி. செய்யும்போதே முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000, பிறகு 42,000. தேறியவர்களில் பலருக்கு முதல் ஒழுங்கான வருமானம் இதுதான்.

மற்றபடி பெரும்பாலான வேலைகள் ஒப்பந்தம். திட்டம் இருக்கிறவரை சம்பளம். சொல்வங்கி, அகராதி, பேச்சுத் தரவு, மொழிபெயர்ப்புத் திருத்தம், பாடநூல், பதிப்பகம் என்று ஆறு மாதம், ஒரு வருடம், மூன்று வருடம். வீட்டிலிருந்து தரவுக்குக் குறியீடு போடும் வேலை மணிக்கணக்கிலோ துண்டுக்கணக்கிலோ கூலி தரும். கையெழுத்திடும் முன் திருத்தம் செய்கிற நேரத்துக்கும் கூலி உண்டா என்று கேளுங்கள். பலர் ஏமாறும் இடம் அது. பணம் முன்கூட்டிக் கட்டச் சொன்னால் அது வேலையே இல்லை.

எங்கள் கணிப்பு இது: மொழியியலோடு கையில் இன்னொன்று இல்லாதவருக்குக் கஷ்டம். நிரல், பிரெஞ்சு போன்ற இன்னொரு மொழி, கற்பித்தல், அகராதி வேலை, எதுவாக இருந்தாலும் இரண்டாம் பருவம் முடிவதற்குள் முடிவு செய்துவிடுங்கள். நான்காம் பருவத்தில் யோசித்தால் ஆய்வேடு ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம் என்று ஆகிவிடும். ஆய்வேட்டுத் தலைப்பையே அந்த இன்னொன்றுக்குப் பொருத்தமாக எடுத்துக்கொண்டால் நேர்காணலில் காட்ட ஏதாவது இருக்கும்.

என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ‘பழம்’ என்பதைப் ‘பயம்’ என்கிறார்கள். ‘இழுத்து’ என்பதை ‘இஸ்து’ என்கிறார்கள். திருத்துவதா, விடுவதா?
– ஆசிரியை, பண்ருட்டி

வாசிக்கும்போது திருத்துங்கள், பேசும்போது விடுங்கள். வடதமிழ்நாட்டுப் பேச்சில் ழகரம் யகரமாவது சோம்பலால் அல்ல. ஊர் முழுக்க ஒரே ஒழுங்கில் நடக்கிறது. ‘வாயப்பயம்’ என்கிற பிள்ளை ‘பள்ளம்’ என்பதைப் ‘பய்யம்’ என்று சொல்லுகிறதா பாருங்கள், சொல்லாது. ளகரம் தனியாகத்தான் இருக்கிறது. தென்மாவட்டத்தில் ழகரம் ளகரத்தோடு கலந்துவிடுகிறது. அங்கே பிள்ளைகள் எழுத்தில் ழ, ள குழப்பிக்கொள்வார்கள். உங்கள் பிள்ளைகள் எழுத்தில் தடுமாறினால் அது ழ, ய இடையேதான் இருக்கும். ஆகவே சொல்லெழுதும் பயிற்சியில் வாழை, வாயில், மழை, மயில், கழி, கயிறு என்று அந்த இரண்டையும் கலந்து கொடுங்கள். நாக்கு நுனியை மேலண்ணம் நோக்கி மடித்து, எங்கும் தொடாமல் காற்றை விடச் சொல்லுங்கள். தொட்டால் ‘ள’ ஆகிவிடும்.